மழைக்கு முன்னால் ஒரு டார்ச்: நெல்லைச் சீமையில் வைத்துப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்

வண்ணார்பேட்டையிலிருந்து

ஐப்பசி பிறந்தால் மழைதான். அதற்குள் வீட்டுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். கடையில் நூறு ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கான ரூபாய் வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாப் பெட்டியிலும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எத்தனை வருஷம் உழைக்கும், சில மாதம் தொடாமல் வைத்தால் எரியுமா என்று எதிலும் இல்லை.

எனக்கு அதுதான் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18ல் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. முதலில் கரண்ட் போனது, பிறகு சிக்னலும் போனது. கீழ்வீட்டுத் தாத்தாவை மாடிக்கு ஏற்றும்போது ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துக்கொள்ள, படிக்கு வெளிச்சம் காட்ட மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. போன் வெளிச்சத்தில்தான் ஏற்றினோம். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஈரப் படிகளை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

தினமும் ராத்திரி கேட்டைப் பூட்டப் போகும்போதும் எடுக்க வேண்டும், வெள்ளம் வந்தாலும் நம்ப முடிய வேண்டும். எது நின்றது, எது கைவிட்டது, ஏன் கைவிட்டது என்று எழுதுங்கள்.

டவுன், ரிப்பேர் கடை

அண்ணாச்சி, ரத வீதிப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, அயர்ன் பாக்ஸோடு டார்ச்சும் வரும். எல்.இ.டி வந்த பிறகு விளக்கு போய்விட்டது என்று யாரும் கொண்டு வருவது அபூர்வம். போவது பேட்டரி, அதற்கு அடுத்தது ஸ்விட்ச். அதனால் டார்ச் வாங்கப் போகிறவர் வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பதற்கு முன்னால், உள்ளே என்ன பேட்டரி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் விலை குறைந்த பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். கொசு பேட் பலவற்றில் இருப்பதும் அதே ஜாதி. அது காலியாகக் கிடக்கவே கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மங்கும். நம் வீடுகளில் கரண்ட் போனால் எரிக்கிறோம், வந்ததும் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறோம். மாதம் ஒரு முறை மறக்காமல் சார்ஜ் போடும் வீட்டில் அதே டார்ச் சில வருஷம் ஓடுகிறது. போடாத வீட்டில் அடுத்த மழைக்கு அது இருக்காது.

கட்டை, அதாவது கடையில் வாங்கிப் போடும் உருளை பேட்டரி, போடும் டார்ச் இதற்கு நேர் எதிர். கட்டை தன் சக்தியை வருஷக்கணக்கில் வைத்திருக்கும். ஆனால் டார்ச்சுக்குள்ளேயே விட்டுவிட்டால் ஒழுகும். எந்தக் கம்பெனிக் கட்டையும் இதற்கு விலக்கில்லை. சாதாக் கட்டையில் வெளித் தகடே துத்தநாகம்தான். சக்தி இறங்க இறங்க அந்தத் தகடு கரைந்து மெலிந்து ஓட்டை விழுகிறது. ஆல்கலைன் கட்டையில் ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் பூத்துக் காயும். எப்போதாவது எடுக்கும் டார்ச் என்றால் கட்டையைக் கழற்றி, ஒரு சின்னப் பையில் போட்டு, டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். புதுக் கட்டையையும் பழைய கட்டையையும் கலந்து போட வேண்டாம். பலம் குறைந்தது முதலில் காலியாகி, மற்றது அதை மேலும் இழுத்து ஒழுக வைத்துவிடும்.

மூன்றாவது லித்தியம். 18650 என்று எண் போட்ட செல், அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒரே ஒரு டார்ச்தான் வாங்குவேன், நல்லதாகச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு, இந்தச் செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற அலுமினிய டார்ச்சைத்தான் சொல்கிறேன். செல் சில வருஷத்தில் தளரும், அப்போது செல்லை மட்டும் மாற்றினால் போதும். செல்லை உள்ளே வைத்து ஒட்டிவிட்ட டார்ச் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், செல் போன அன்றைக்கு அதுவும் குப்பைதான். திறக்க முடியாததை வாங்காதீர்கள், இதை அடித்துச் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் கவனம். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் போடும் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணி சுமாருக்குத்தான். 9,900 என்று அச்சடித்த செல் 300, 400 ரூபாய்க்குக் கிடைத்தால் அது பொய். எடை போட்டுப் பாருங்கள், ஒழுங்கான செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும். போலி பல சமயம் நன்றாக எடை குறையும்.

கடையம் பக்கம், விவசாயம்

மேலே அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. நான் தோட்டத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வயல் மலையடிவாரம். மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்தால் ராத்திரிதான் மோட்டார் போட வேண்டும். மடை திருப்ப வேண்டும், பிசான நெல் கதிர் வாங்கும்போது பன்றி இறங்காமல் காவல் இருக்க வேண்டும். ஒரு கையில் மம்பட்டி, இன்னொரு கையில் டார்ச் என்றுதான் வரப்பில் நடப்போம். இதற்கு ஒரே மையத்தில் ஊசியாகக் குத்தும் வெளிச்சம் உதவாது. 300 மீட்டருக்கு அப்பால் தென்னையின் குருத்து தெரியும், காலுக்கு முன்னால் கிடப்பது தெரியாது. எங்களுக்கு வேண்டியது காலுக்கு இரண்டு மூன்று எட்டு முன்னால் அகலமாக விழும் வெளிச்சம்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் செத்திருக்கிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து ஆட்கள். வரப்பில் கிடக்கும் கண்ணாடிவிரியனும் சருகும், நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் கலந்த எல்.இ.டியில் பழுப்பு வேறு, சாம்பல் வேறு என்று பிரிந்து தெரிகிறது. என் சின்ன மகன் பழைய டார்ச்சையும் புது டார்ச்சையும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டிய பிறகு வீட்டில் எல்லாருக்கும் மஞ்சள் வெளிச்சம்தான் வாங்கினேன். கட்டுவிரியன் வீட்டுக்குள்ளேயே வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலிகூடப் பல சமயம் தெரியாது. அதனால் தோட்டத்துக்கு ஒன்று, பாய்க்குப் பக்கத்தில் ஒன்று. கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

புதிதாகக் காவலுக்கு வருகிற பையன்கள் டார்ச்சைச் சுற்றி அடித்துவிட்டு, கண் ஒன்றும் மின்னவில்லை, பன்றி இல்லை என்று படுத்துவிடுவார்கள். மாடு, நாய், பூனை, மிளா, சிறுத்தை எல்லாவற்றுக்கும் கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது, அதன் கண் மின்னாது. பன்றியைக் காதால்தான் முதலில் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் டார்ச். கண் மின்னிவிட்டால், அதுவும் உயரமாக மின்னினால், மேலே ஓர் எட்டும் வைக்காதீர்கள். 1988ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது, காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இங்கே இடைவெளியே இல்லை. வடகரை, கடையநல்லூர்ப் பக்கம் யானையும் இறங்குகிறது. யானையின் கண்ணில் நேராக வெளிச்சம் அடிப்பது உயிரோடு விளையாடுவது. விலகி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பெருமாள்புரம்

தனியாக ஒரு டார்ச் எதற்கு என்று உண்மையாகவே கேட்கிறேன். போன் எப்போதும் கையில் இருக்கிறது. பவர் பேங்கும் இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அது போதாதா?

ஸ்ரீவைகுண்டம்

தம்பி, சாதாரண நாளுக்குப் போதும். எங்கள் ஊரில் 2023 டிசம்பரில் நாங்கள் இருந்த நிலைமைக்குப் போதாது.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. 17ம் தேதி ராத்திரி எங்கள் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸின் பயணிகளில் பலர் 19ம் தேதிதான் வெளியே வர முடிந்தது. ஊரே தீவாகிவிட்டது. அந்த நேரத்தில் போன் என்றால் அது ஒரே ஒரு வேலைக்குத்தான்: டவர் எப்போதாவது ஒரு கோடு காட்டும்போது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல. அதன் சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. போனை அணைத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டோம்.

எங்களைக் காப்பாற்றியது மச்சில் தொங்கிய ஒரு டார்ச். அதில் மிகக் குறைந்த வெளிச்சம் ஒன்று உண்டு, வாங்கும்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. எவர்சில்வர் சொம்புக்குள் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பி விழும்படி செய்தோம். அறை முழுக்க மெல்லிய வெளிச்சம். பிள்ளைகள் சாப்பிட்டன, ஆச்சி பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். விடிய விடிய அது எரிந்தது, மறுநாள் ராத்திரியும் எரிந்தது. அந்த வெள்ளத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற நான் விடவில்லை. கீழே அடுக்களையில் கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, வாடை வேறு வந்தது.

படகுக்காரர்களுக்குச் சைகை காட்ட மட்டும் பெரிய வெளிச்சத்தைப் போட்டோம். அவர்கள் முகத்தில் அடிக்காமல் நம் வீட்டுச் சுவரிலேயே அடித்து, மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் எந்த வீடு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மேலப்பாளையம்

எங்கள் மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி, கண்ணிலும் கொஞ்சம் மங்கல். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு எல்லாருக்கும் முன்னால் எழுவதும் அவர்கள்தான். அவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த டார்ச் ஒன்றைக் கொடுத்தோம். ஒரு முறை அமுக்கினால் ஒரு வெளிச்சம், இரண்டு முறை அமுக்கினால் வேறு, அழுத்திப் பிடித்தால் படபடவென்று மின்னல். அந்த மின்னல் ஆரம்பித்துவிட்டால் அவர்களுக்கு அணைக்கத் தெரியாமல் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டோம்.

இப்போது அவர்களிடம் இருப்பது தள்ளும் ஸ்விட்ச் வைத்த சின்ன டார்ச். மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும், அவ்வளவுதான். ரிமோட்டுக்குப் போடும் சின்னக் கட்டை இரண்டு. அதிலேயே சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகைக் கட்டையை என் கொழுந்தன் வாங்கித் தந்தார். சும்மா வைத்திருந்தாலும் மெதுவாகத்தான் இறங்குகிற ரகம். 1.2 வோல்ட்தான் என்றாலும் இந்த டார்ச் நன்றாகவே எரிகிறது. கட்டிலின் தலைமாட்டில் ஓர் ஆணி, அதில்தான் அது தொங்கும். வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை மகன் சைக்கிள் செயின் மாட்ட எடுத்துப் போய்விட்டான், அன்றைக்கு ராத்திரி மாமி சுவரைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டைக்காரர் கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் டார்ச்சை அவர்கள் கையில் கொடுத்து, இருட்டில் எரியவிடச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு எளிதாக இருப்பதுதான் வீட்டு டார்ச்.

உவரி

கடலுக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. டார்ச் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று சொல்வது ஐ.பி.எக்ஸ் எண். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத்தான் தாங்கும். மழைக்குப் போதும், வள்ளத்துக்குப் போதாது. 7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது. அதற்குக் குறைந்து வாங்குவதில்லை. தலையை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் ஜூம் டார்ச் இருக்கிறதே, அதை இழுக்கும்போது காற்றோடு ஈரமும் உள்ளே போகிறது. கடலுக்கு அது ஆகவே ஆகாது.

உப்புதான் எங்கள் சத்துரு. ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும், திருகும் மரை இறுகிவிடும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டு வளையம் பிசுபிசுத்து மணல் ஒட்டிக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். கை நழுவினால் மிதக்கிற டார்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஒரு நைலான் கயிறு, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள.

உடன்குடிப் பக்கம், பனைத் தொழில் குடும்பம்

எங்கள் அப்பா விடியும் முன்னே பனையேறப் போவார்கள். மரத்தில் இரண்டு கையும் மரத்துக்குத்தான், டார்ச்சுக்குக் கை கிடையாது. முன்பெல்லாம் டார்ச்சைத் துண்டில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள், அது ஆடி ஆடி வெளிச்சம் எங்கோ போகும். நெற்றியில் கட்டும் லைட் வாங்கிக் கொடுத்த பிறகு பாளை சீவும் இடத்தில் வெளிச்சம் நிற்கிறது. அரிவாள் எங்கே இறங்குகிறது என்று தெரிகிறது.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டி பின்னந்தலையில் வரும் பெரிய ரகம் அண்ணாந்து பார்க்கும்போது வழுக்கும். சின்னக் கட்டை ஒன்றோ இரண்டோ போடும் லேசான ரகம் போதும். பட்டையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும், வியர்வை ஊறிய பட்டையைத் தினமும் நெற்றியில் கட்ட முடியாது. பூச்சி முகத்துக்கு வருவது ஒரு தொந்தரவுதான். சிவப்பு வெளிச்சமும் இருக்கிற ரகத்தில், கலயம் கழுவும்போது அதைப் போட்டால் பூச்சி குறைகிறது. பனிமூட்டம் உள்ள விடியலில் நெற்றி லைட் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். அப்போது கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை தெரியும். மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்களும் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

பாளையங்கோட்டை, பாலிடெக்னிக் ஆசிரியர்

ஸ்ரீவைகுண்டத்துக்காரர் சொன்ன குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான், இங்கேயும் சொல்கிறேன்.

3,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள 18650 செல் ஒன்றில் 11 வாட் மணி அளவுக்குச் சக்தி இருக்கும். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. டார்ச் எல்.இ.டி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 லூமனில் அந்தச் செல் சுமார் ஒரு மணி நேரம்தான். அதுவும் அலுமினியம் சுட ஆரம்பித்ததும் டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதே செல் 20 லூமனில் 50 மணி நேரம் சுமாருக்கு ஓடும். கூரையில் அடித்துச் சாப்பிடுவதற்கு 20 லூமன் தாராளம். பெட்டியில் மேலே எவ்வளவு போகும் என்று பார்ப்பதைவிடக் கீழே எவ்வளவு இறங்கும் என்று பார்ப்பது வெள்ளத்தில் உதவும்.

பெட்டியில் எஃப்.எல்.1 என்ற அளவுமுறையைப் போட்டிருந்தால் எண்களைக் கொஞ்சம் நம்பலாம். 2009ல் அமெரிக்காவில் வந்தது, இப்போது பல நாட்டுக் கம்பெனிகள் அதன்படி அளக்கின்றன. அதையும் புரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். 200 மீட்டர் தூரம் என்றால் 200 மீட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று அர்த்தமில்லை. அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலவு அளவுக்கு, அதாவது கால் லக்ஸ், வெளிச்சம் விழும் என்றுதான் கணக்கு. ஆளை அடையாளம் காண அதில் பாதித் தூரம்கூடச் சந்தேகம். எத்தனை மணி நேரம் எரியும் என்ற எண்ணும், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை அளந்தது. 1 மீட்டர் உயரத்திலிருந்து காங்கிரீட்டில் போட்டுப் பார்ப்பதும் அந்த முறையில் உண்டு. இடுப்பளவிலிருந்து நழுவினால் பிழைக்குமா என்பதற்கு அது பதில்.

இன்னும் ஒன்று, இது சின்னதாகத் தெரியும் ஆனால் அவசரத்தில் பெரிதாகிவிடும். டைப்-சி துளை உள்ள சில மலிவு டார்ச்சுகள், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சப்படுத்தியிருப்பார்கள். ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி உள்ள ஒயரில்தான் ஏறும். வாங்கிய அன்றைக்கே இரண்டு ஒயரிலும் போட்டுப் பார்த்துவிட்டு, ஏறுகிற ஒயரை டார்ச்சோடு கட்டி வையுங்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: கழற்றி மாற்றும் 18650 செல், ஐ.பி.எக்ஸ் 7, மிகக் குறைந்த வெளிச்சம் உள்ள அலுமினிய டார்ச் ஒன்று. கீழ்வீட்டுத் தாத்தாவுக்குத் தள்ளும் ஸ்விட்ச் வைத்த சின்னது ஒன்று, மேலப்பாளையத்து அக்கா சொன்ன மாதிரி ஆணியோடு.

டவுன் அண்ணாச்சிக்கு இரண்டு கேள்வி. லித்தியம் டார்ச்சை மழைக்காலம் வரை எப்படி வைத்திருப்பது? அப்புறம், எங்கள் பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த மூன்று கட்டைப் பித்தளை டார்ச் ஒன்று பெட்டியில் கிடக்கிறது. உள்ளே கட்டை ஒழுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேற்ற முடியுமா?

டவுன், ரிப்பேர் கடை

லித்தியம் செல்லை மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதிச் சார்ஜுக்குக் கொஞ்சம் மேலே வைப்பதுதான் செல்லுக்கு நல்லது. மழை எச்சரிக்கை வந்ததும் முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். பைக் பெட்டியில், வெயிலில் நிற்கும் காரில் வைக்க வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயில் செல்லைத் தின்றுவிடும். பக்கவாட்டில் மெல்ல அமுக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் உள்ள டார்ச் அணைந்திருக்கும்போதும் துளித்துளியாகச் சக்தியை இழுக்கும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல டார்ச்சுகளில் அந்த இணைப்பு அறுந்துவிடும், பைக்குள் தானாக எரியும் தொல்லையும் இல்லை. தளர்த்தியதும் ஸ்விட்சை அமுக்கிப் பாருங்கள், எரியாவிட்டால் சரி. தண்ணீர் வருகிற நாளில் மறுபடி இறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஐ.பி.எக்ஸ் 7க்கு அர்த்தமில்லை.

பித்தளை டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தக் கனத்தில் இப்போது யாரும் செய்வதில்லை. கட்டையைக் குத்தி நெம்ப வேண்டாம், குழாய் நசுங்கிவிடும். இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, குழாயை மரக்கட்டையில் மெல்லத் தட்டுங்கள். அசையாவிட்டால் பின்பக்கத்திலிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ளலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பொடி கண்ணில் படக் கூடாது. வெளியே வந்த கட்டை ஆல்கலைன் என்று எழுதியிருந்தால் அந்த வெள்ளைப் பூவை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடையுங்கள், நுரைத்துக் கரையும். சாதாக் கட்டை என்றால் அதில் ஒழுகியது அமிலக் குணம், அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். அப்புறம் ஈரத்துணி, பிறகு நன்றாகக் காய வைத்து, ஸ்பிரிங்கையும் தொடும் இடத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள்.

பழைய பல்பு இருக்கும் இடத்திலேயே பொருந்தும் எல்.இ.டி பல்பு வருகிறது. மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட் தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச் தகடு அரித்துப் போயிருந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுவாருங்கள், பித்தளைத் தகட்டில் வெட்டிப் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.